மெத்தை லோடு

அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். சுவர் என்று கூப்பிட்டால் பார்ப்பார். லாரி ஓட்டுகிற ஆளுக்கு இப்படி ஒரு பட்டப்பெயர் வந்த விதத்தைச் சொல்லிவிட்டால் பாதிக் கதை முடிந்துவிடும்.

ஏரியின் குறுக்கே ஒரு நீளப் பாலம். இந்தக் கரையில் தொழிற்சாலைகள், ஆஸ்பத்திரி, கடைவீதி. அந்தக் கரையில் வாடகை குறைந்த வீடுகள். வேலை இங்கே, தூக்கம் அங்கே. பாலத்தைக் கட்டியவர்கள் லாரியையும் காரையும் மனத்தில் வைத்துக் கட்டினார்கள். அதன்மேல் தினமும் போய் வருகிறவர்களில் பெரும்பாலோர் இரண்டு சக்கரக்காரர்கள். ஓரத்துக் கம்பி இடுப்புக்கு மேல் வராது. அதற்கு அப்பால் தண்ணீர்தான்.

இடிமழைக் காலத்தில் அந்தப் பாலத்துக்கு ஒரு குணம் உண்டு. சாதாரணக் காற்று வீசும். இடிமேகத்துக் காற்று விழும். மேலே குளிர்ந்ததையெல்லாம் மேகம் குடத்தைக் கவிழ்த்த மாதிரி கீழே கொட்டும். கொட்டியது தரையில் பட்டு நாலா பக்கமும் ஓடும். ஏரிக்கு மேலே ஓடி வருகிற காற்றை மறிக்க அங்கே மரமும் இல்லை, வீடும் இல்லை. "மழை இன்னும் தூரத்திலதானே இருக்கு" என்று வண்டியை முறுக்குகிறவனைத்தான் அது முதலில் பிடிக்கும்.

இப்படிப்பட்ட இடத்தில் மனிதர்கள் என்ன செய்வார்கள்? வேலைக்குப் போகாமல் இருக்க முடியாது. ஆகவே ஒரு வழக்கம் வந்தது. மாலையில் வேலை விட்டு அந்தக் கரைக்குத் திரும்பும்போது காற்று எப்போதும் வலப்பக்கத்திலிருந்து வரும். வானம் கறுத்தால் இரண்டு சக்கரக்காரர்கள் பாலத்தின் வாயில் கூடி நிற்பார்கள். கனமான லாரி ஒன்று வந்ததும் அதன் இடப்பக்கம் ஒட்டிக்கொள்வார்கள். லாரிக்காரர் முதல் கியரில், நடக்கிற வேகத்தில், காற்றைத் தன் வலது விலாவில் வாங்கிக்கொண்டு போவார். இந்தப் பக்கம் சேலைத் தலைப்பு கூட ஆடாது. அதற்குப் பெயர் மறைப்பு கொடுப்பது.

எல்லா லாரிக்காரரும் கொடுக்க மாட்டார்கள். நம் ஆள் கேட்காமலே கொடுப்பார். பல வருடம் சிமெண்ட் லாரி ஓட்டினார். பேச்சு குறைவு. முந்திக்கொண்டு போகிற பழக்கம் கிடையாது. பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்துத் திட்டினால், கழுத்துத் துண்டை உதறி மறுபடி போட்டுக்கொள்வார். அதுதான் பதில். சிமெண்ட் மூட்டை ஏற்றிய லாரியை எந்தக் காற்று அசைக்கும்? அவர் வண்டி பாலத்தில் ஏறினால் ஆட்கள் தெம்பாகிவிடுவார்கள். "சுவர் வந்தாச்சு, கிளம்புங்க" என்பார்கள். பெயர் ஒட்டிக்கொண்டது.

ஹாரனுக்கும் ஒரு கணக்கு இருந்தது. நீளமாக ஒரு முறை அடித்தால் "இன்னும் நெருங்கி வாங்க" என்று அர்த்தம். லாரி நின்றால் பக்கத்திலேயே நின்று அதன்மேல் சாய்ந்துகொள்ள வேண்டும். இவ்வளவுதான் பாஷை. விலகிப் போங்கள் என்று சொல்ல அதில் சத்தமே கிடையாது. அப்படி ஒரு தேவை வந்ததில்லை.

இன்னொரு விதியும் உண்டு, அது பாலத்தின் வாயில் இருக்கும் கேட்டைக் காக்கிற கேட்காரர் வைத்தது. காற்று கிளம்பினால் சிவப்புக் கொடியை எடுத்துக்கொண்டு நடுவில் நிற்பார். வருகிற ஒவ்வொரு லாரியையும் ஒரே கேள்விதான் கேட்பார். "காலியா, லோடா?" காலி என்றால் ஓரம் கட்ட வேண்டும். லோடு என்றால் போகலாம். நல்ல விதிதான். காலி வண்டியைக் காற்று கவிழ்த்துவிடும் என்பது ரோட்டில் பிழைக்கிற எல்லோருக்கும் தெரியும். அந்த விதியால் எத்தனையோ பேர் பிழைத்தார்கள்.

பிறகு சிமெண்ட் கம்பெனி லாரிகளை விற்றது. ஆட்களை விற்க முடியாததால் வீட்டுக்கு அனுப்பியது. சுவர் கொஞ்ச நாள் வீட்டில் உட்கார்ந்தார். குழாயைச் சரிசெய்கிறேன் என்று இருந்த குழாயையும் உடைத்தார். அவர் சம்சாரம் தாங்க முடியாமல் நாலு பேரிடம் சொல்லி வைத்து, மெத்தை கம்பெனியில் வேலை வாங்கிக் கொடுத்தாள். "ஊரைத் தூங்கவைக்கிற வண்டி. நீங்க தூங்கிடாதீங்க" என்று சொல்லி அனுப்பினாள்.

மெத்தை கம்பெனி லாரி மூடிய பெட்டி வண்டி. பழைய வண்டியைவிட உயரம், நீளம். பக்கவாட்டில் தூங்குகிற ஒரு பெண்ணின் படம், பெரிதாக. சுவருக்கு வண்டி பிடித்துப் போயிற்று. மறைப்புக்கு இதைவிட என்ன வேண்டும்? இதுவரை மதில், இனிமேல் கோட்டை என்று நினைத்தார். பாலத்தின் வாயில் நின்றவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள்.

அந்தக் கூட்டத்தில் தினமும் நிற்கிறவர்கள் இரண்டு பேரை மட்டும் தெரிந்துகொண்டால் போதும். ஒருவர் சாவிக்காரர். கடைவீதியில் குடை விரித்துப் பூட்டு ரிப்பேர் செய்கிறவர். கைக்கு வேலை இருக்கிறதோ இல்லையோ, வாய்க்கு ஓய்வு கிடையாது. இன்னொருத்தி சுவரின் தங்கை. ஆஸ்பத்திரித் துணி வெளுக்கிற பிரிவில் வேலை. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்விட, அவளை வளர்த்தவர் அண்ணன்தான். சைக்கிள் பழக்கியவரும் அவர்தான். பின்னால் பிடித்துக்கொண்டு ஓடிவந்தவர், ஒரு நாள் சொல்லாமல் கையை விட்டார். அவள் போய் வேலியில் விழுந்தாள். ஒரு நாள் முழுக்க அண்ணனோடு பேசவில்லை. இப்போது ஸ்கூட்டர் ஓட்டுகிறாள். காற்றடிக்கிற நாளில் அண்ணன் லாரி வரும்வரை, மற்றவர்கள் கிளம்பினாலும் அவள் கிளம்ப மாட்டாள்.

சம்பவம் நடந்த அன்று பகல் முழுக்கப் புழுக்கம். ஷெட்டில் மெத்தை ஏற்றினார்கள். தரையிலிருந்து கூரை தொட, இடுக்கில் கை நுழையாதபடி அடுக்கினார்கள். ஏற்றியவர்கள் சிரித்துப் பேசிக்கொண்டே ஏற்றினார்கள், யாருக்கும் மூச்சு வாங்கவில்லை. சுவர் அதைப் பார்த்துக்கொண்டுதான் பீடி குடித்தார். கதவைச் சாத்தி, "ஃபுல் லோடுண்ணே" என்று வண்டியின் முதுகில் தட்டினார்கள். கிளம்பிவிட்டார்.

பாலத்தை நெருங்கும்போது மேற்கே வானம் அடுப்புக்கரி நிறத்தில் இருந்தது. திடீரென்று புழுக்கம் போய்க் கன்னத்தில் குளிர்ச்சி பட்டது. கேட்காரர் கொடியோடு நடுவில் நின்றார்.

"காலியா, லோடா?"

"லோடு."

அவர் சொன்னது பொய்யில்லை. கேட்காரர் கொடியை இறக்கினார். ஓரத்தில் நின்ற கூட்டம் கலகலப்பானது. சாவிக்காரர், சுவருக்கு வெள்ளையடித்துப் படமெல்லாம் போட்டாயிற்று, சுவர் இருந்தால்தானே சித்திரம் என்று ஏதோ சொல்ல, நாலு பேர் சிரித்தார்கள். தங்கை ஸ்கூட்டரை லாரியின் பின் சக்கரத்துக்குப் பக்கமாகக் கொண்டுவந்து வைத்துக்கொண்டாள். அது அவள் இடம். அங்கேதான் மறைப்பு நன்றாக இருக்கும்.

பாலத்தின் நடுப்பகுதிக்கு வந்தபோது ஏரி நிறம் மாறியது. சாம்பல் நிறத் தண்ணீரின்மேல் ஒரு கறுப்புக் கோடு ஓடி வந்தது. காற்று தண்ணீரைச் சுரண்டிக்கொண்டு வருகிற கோடு அது. எத்தனையோ முறை பார்த்ததுதான். சுவர் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்து, வழக்கம்போல வலது விலாவைக் காட்டினார்.

காற்று மோதியது. சிமெண்ட் லாரியாக இருந்தால் ஒரு முனகல் கேட்கும், அவ்வளவுதான். இந்த வண்டி முனகவில்லை. எழுந்தது. கையில் இருந்த ஸ்டியரிங் பொம்மை வண்டியின் ஸ்டியரிங் மாதிரி லேசாகிவிட்டது. இருக்கை இடப்பக்கமாகச் சரிந்தது. அவர் வலது கண்ணாடியைப் பார்த்தார். பின் டயருக்கும் ரோட்டுக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது.

வண்டி ஒரு தரம் இறங்கியது, மறுபடி எழப் பார்த்தது. ஷெட்டில் ஏற்றியவர்களுக்கு மூச்சு வாங்காதது அப்போதுதான் அவர் புத்தியில் உறைத்தது. லோடு இருக்கிறது, பாரம் இல்லை. காலி வண்டியைவிட மோசம். காலி என்று தெரிந்திருந்தால் ஓரம் கட்டியிருப்பார்.

இடது கண்ணாடியில் தங்கையின் தலை தெரிந்தது. லாரி சாய்ந்தால் அவள்மேல்தான் சாயும். அவளுக்கு முன்னே சாவிக்காரர், பின்னே இன்னும் சிலர், எல்லோரும் அட்டை மாதிரி ஒட்டிக்கொண்டு.

கை ஹாரனுக்குப் போயிற்று. அடித்தால் இன்னும் நெருங்கி வருவார்கள். கையை எடுத்தார். பிரேக்கில் கால் போயிற்று. நிறுத்தினால் அவர்களும் நின்று வண்டிமேல் சாய்வார்கள். காலை எடுத்தார். மிச்சம் இருந்தது ஒன்றுதான். சுவர் விழுந்தால் நசுங்குவார்கள். சுவர் விலகினால் விழுவார்கள். விழுந்தவர்களைத் தூக்கிவிடலாம்.

கியரை மாற்றி ஆக்ஸிலேட்டரை மிதித்தார். கூரைமேல் கல் எறிந்த மாதிரி மழை விழுந்தது. இடது கண்ணாடியில் தங்கையின் தலை பின்னால் போய், மழைத் திரைக்குள் மறைந்தது. வண்டி பாம்பு மாதிரி நெளிந்தது. இன்னொரு முறை வலப்பக்கம் தூக்கிப் போட்டது. அக்கரையில் பாலத்தை ஒட்டி ஒரு மண்மேடு உண்டு. அதன் மறைவுக்குள் போனதும்தான் டயர்கள் ரோட்டில் உட்கார்ந்தன. வண்டியின் மூக்கைக் காற்றுக்கு நேராகத் திருப்பி நிறுத்திவிட்டு, பாலத்தில் குனிந்து ஓடினார்.

எல்லாரும் விழுந்து கிடந்தார்கள். ஏரிக்குள் யாரும் போகவில்லை. சிராய்ப்பும் ரத்தமும்தான். தங்கையின் ஸ்கூட்டர் மட்டும் கம்பியில் மோதியிருந்தது. அவள் ஈரத்தில் உட்கார்ந்து ஒரு தோளை இன்னொரு கையால் தாங்கிக்கொண்டிருந்தாள். காறை எலும்பு முறிந்திருந்தது. சுவர் குனிந்து தூக்கப் போனார். லாரியில் ஏறம்மா, ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றார்.

"உன் வண்டி எனக்கு வேணாம்," என்றாள் அவள். எதிரே வந்த ஒரு காரில் ஏறிப் போய்விட்டாள்.

சாவிக்காரர் உதட்டு ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "மண்குதிரைய நம்பி ஆத்துல எறங்கின கதை ஆயிடுச்சு. சுவராம் சுவர். குட்டிச்சுவர்."

சுவர் சொல்லிப் பார்த்தார். வண்டி தூக்கியது, டயர் தரையில் இல்லை, விழுந்திருந்தால் உங்கள் மேல்தான் விழுந்திருக்கும் என்றார். லோடு வண்டி எப்படி ஐயா தூக்கும் என்று கேட்டார்கள். கேட்காரரும் வந்து சேர்ந்தார். என் காதால் கேட்டேன், லோடு என்றுதானே சொன்னார் என்றார். அவருடைய ஒரே சொல் அவருக்கு எதிராகச் சாட்சி சொன்னது. லாரி விழாமல் வந்து சேர்ந்ததே இன்னொரு சாட்சி. விழாத வண்டியை விழப் போனது என்று எவன் நம்புவான்? உயிர்ப் பயத்தில் ஓடிவிட்டு இப்போது கதை கட்டுகிறான் என்று முடிவு கட்டினார்கள்.

பெயர் போனால் போகட்டும் என்று விடுகிற ஆள்தான் அவர். ஆனால் தங்கை பேசவில்லை. சம்சாரம் தினமும் அவளுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு போய் வந்தாள். அவள் உங்களைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை, கட்டில் பலகை தோளில் குத்துகிறது, ராத்திரி உட்கார்ந்தே தூங்குகிறாள் என்று மட்டும் சொன்னாள். அதைவிடப் பெரிய கவலை ஒன்றும் சேர்ந்தது. மெத்தை கம்பெனியில் அவர் ஒருவர்தான் டிரைவரா? அடுத்த காற்று நாளில் அவரைக் காறித் துப்பிய கூட்டம், அதே படம் போட்ட இன்னொரு லாரியின் பக்கத்தில் போய் ஒட்டிக்கொண்டது. அந்த டிரைவர் நல்ல பிள்ளை, மறைப்பு கொடுத்தான். அன்றைக்குக் காற்று பெரிதாக இல்லை, தப்பித்தார்கள். தன் வண்டியை நிறுத்திவிட்டு ரோட்டோரம் நின்று பார்த்த சுவர் கையை ஆட்டினார். கத்தினார். குட்டிச்சுவர் கத்துகிறது என்று போய்விட்டார்கள்.

மறுநாள் ஷெட்டில் உறை கிழிந்து ஒதுக்கிய மெத்தை ஒன்றைக் கேட்டு வாங்கினார். லோடு ஏற்றுகிறவன் அதை ஒரு கையால் தூக்கிவந்து கொடுத்தான். இன்னொரு கையில் போன், யாருடனோ பேசிக்கொண்டிருந்தான். சுவர் அதைத் தோளில் போட்டுக்கொண்டு தங்கை வீட்டுக்கு நடந்தார்.

அவள் கதவைத் திறந்தாள். கழுத்திலிருந்து தொங்குகிற துணியில் ஒரு கை கிடந்தது. அண்ணனைப் பார்த்தாள், மெத்தையைப் பார்த்தாள்.

"எதுக்கு இது?"

"கட்டில்ல போடு. தோளு குத்தாது."

"நீ கொண்டுவந்தது எனக்கு வேணாம்."

"வேணாம்னா எடுத்து வெளிய போட்டுடு," என்று மெத்தையை அறைக்குள் சாய்த்துவிட்டு ஒதுங்கி நின்றார்.

ரோஷக்காரி. நல்ல கையால் ஓரத்தைப் பிடித்துக் காலை ஊன்றி, மூச்சை இழுத்துப் பிடித்துத் தூக்கினாள். கனம் இருக்கும் என்று தூக்கியதால் மெத்தை அவள் தலைக்கு மேலே போய் உத்தரத்தில் இடித்தது. அவளே ஒரு எட்டு பின்னால் போனாள். தூக்கிய கை தூக்கியபடி இருக்க, அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள்.

"வண்டி முழுக்க இதுதானா?"

"இதுதான்."

"கூரை வரைக்குமா?"

"கூரை வரைக்கும்."

மெத்தையைக் கீழே விட்டாள். அதன்மேலேயே உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரியில் ஈரத்துணி மூட்டை தூக்குகிறவள். எது எவ்வளவு கனம் என்று அவளுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

"அன்னைக்கு என் பக்கமா சாஞ்சுதா?"

"வலது பின் டயர் தரையில இல்ல. ரெண்டு தரம்."

"ஹாரன் அடிச்சிருக்கலாமே அண்ணே."

"அடிச்சா நீ என்ன பண்ணியிருப்ப?"

அவள் யோசித்தாள்.

"கிட்ட வந்திருப்பேன்," என்றாள். பிறகு, "சைக்கிள் பழக்கினப்பவும் நீ சொல்லாமத்தான் கைய விட்ட."

அவர் கழுத்துத் துண்டை உதறி மறுபடி போட்டுக்கொண்டார்.

அவளுக்குக் கோபம் முழுதாக வடியவில்லை. கோபம் திசை மாறியது. என்னிடம் மட்டும் சொல்லி என்ன பிரயோஜனம், நாளைக்கு உன் கம்பெனி லாரி இன்னொன்று வரும், கூட்டம் போய் ஒட்டிக்கொள்ளும், நீ ஊமை மாதிரி ரோட்டோரம் நிற்பாயா என்று பிடித்துக்கொண்டாள். நான் சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறார்களே என்றார். "சொல்லாத. தூக்கச் சொல்லு," என்றாள்.

மறுநாள் மாலை பாலத்தின் வாயில் ஒரு வேடிக்கை. கையைக் கட்டிப் போட்ட பெண் ஒருத்தி மெத்தையோடு நிற்கிறாள், பக்கத்தில் அவள் அண்ணன். சாவிக்காரருக்கு அது போதுமே. இங்கேயே படுக்கப் போகிறீர்களா, போர்வை எங்கே என்றார். தங்கை மெத்தையை, வண்டியில் உட்கார்ந்திருந்த அவர் மடியில் தள்ளினாள். பிடித்தார். வாய் மூடியது. இரண்டு கையால் தூக்கினார், ஒரு கையால் தூக்கினார், கடைசியில் விரலால் தாங்கிப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவர் வாங்கினார். அவரிடமிருந்து இன்னொருவர். மெத்தை கை மாறிக்கொண்டே போயிற்று. அன்று பாலத்தின் நடுவில் தாம் எந்த டயருக்குப் பக்கத்தில் போனோம் என்று ஒவ்வொருவரும் மனத்துக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கடைசியில் கேட்காரரிடம் போயிற்று. அவர் அதை வெகுநேரம் கீழே வைக்கவில்லை. "நானும்தானே கொடிய எறக்கினேன்," என்றார்.

எல்லோரும் அன்றே மாறிவிட்டார்கள் என்று சொன்னால் அது பொய். இதெல்லாம் அண்ணனும் தங்கையும் போட்ட நாடகம் என்றவர்களும் உண்டு. மறைப்பு கொடுக்கிற வழக்கமும் அறவே போய்விடவில்லை. வேலை விட்டு வீட்டுக்குப் போகிற ஆளுக்கு வேறு வழி யார் காட்டினார்கள்? இரண்டு சக்கரக்காரர்களுக்குப் பாலத்தில் ஒரு தடுப்பு வேண்டும் என்று கேட்டுப் பார்த்தார்கள், இன்றுவரை வரவில்லை. ஆனால் இரண்டு விஷயம் மாறின. ஹாரனில் ஒரு புதுச் சத்தம் சேர்ந்தது. சின்னச் சின்னதாக விடாமல் அடித்தால் விலகி ஓடு என்று அர்த்தம். சுவர் அதைப் பாலத்தின் வாயில் ஒவ்வொரு டிரைவருக்கும் அடித்துக் காட்டினார். பேசாத மனிதர் அந்த ஒரு மாதம் பேசியதுதான் அதிகம்.

இரண்டாவது மாற்றம் கேட்காரருடையது. அடுத்த இடிமேகம் திரண்ட மாலையில் தூங்குகிற பெண் படம் போட்ட லாரி வந்தது. கேட்காரர் கொடியோடு நடுவில் நின்றார்.

"என்ன லோடு?"

"மெத்தை," என்றார் சுவர்.

"ஓரம் கட்டுங்க."

சந்தோஷமாக ஓரம் கட்டினார். ஆட்கள் இருக்கிற இடத்தை விட்டுத் தள்ளி, மூக்கு காற்றைப் பார்க்கும்படி நிறுத்தினார். அன்றைக்குக் கனத்த லாரி எதுவும் வரவில்லை. ரோட்டின் மேட்டுக்குப் பின்னால் இருந்த சரிவில், காற்று அடங்கட்டும் என்று எல்லோரும் குந்தியிருந்தார்கள். சுவர் இறங்கி நடந்து வந்தார். ஷெட் மேனேஜரிடமிருந்து போன் விடாமல் அடித்தது. எடுக்கவில்லை.

"வந்துட்டாரு குட்டிச்சுவர். கொஞ்சம் நகருங்கப்பா," என்றார் சாவிக்காரர்.

தங்கை நகர்ந்து நடுவில் இடம் விட்டாள். அவர் அங்கே உட்காரவில்லை. வரிசையின் கடைசிக்குப் போய், காற்று வருகிற பக்கமாக உட்கார்ந்துகொண்டார்.